வாரம் 3 நாள் ஆபீஸ்: உங்கள் டீமில் எப்படி ஓடுகிறது?

டெலிவரி மேனேஜர், சோழிங்கநல்லூர்

வாரத்துக்கு 3 நாள் ஆபீஸ் என்று எங்கள் கம்பெனியில் மெயில் வந்தது. எந்த 3 நாள் என்று அதில் இல்லை. அவரவர் வசதிப்படி வர ஆரம்பித்தார்கள். டெவலப்பர் திங்கள் வருவார். அவர் எழுதியதை டெஸ்ட் பண்ணுகிறவர் புதன் வருவார். பெரம்பூரிலிருந்து ஒரு பெண், மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் நெரிசலைத் தாண்டி வந்து சேருவார். உட்கார்ந்ததும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வீட்டில் இருக்கும் ஆளோடு நாள் முழுக்க டீம்ஸில் பேசுவார். "இதை நான் வீட்டிலேயே செய்திருப்பேனே சார்" என்றார். அவர் கேட்டது நியாயம்.

அதன் பிறகு எங்கள் டீமில் நாட்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு வேலையைப் பிரித்தோம். ஸ்பிரிண்ட் பிளானிங் (அடுத்த சில வார வேலையைத் திட்டமிடுவது), டிசைன் விவாதம், புரொடக்‌ஷனில் (கிளையண்ட் பயன்படுத்தும் சிஸ்டத்தில்) ஏதாவது உடைந்தால் காரணம் தேடும் கூட்டம், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகிய நான்கையும் நேரில்தான் செய்வது. இவற்றுக்குச் செவ்வாயும் வியாழனும். அந்த இரண்டு நாள் டீம் மொத்தமும் வரும். மூன்றாவது நாள் அவரவர் இஷ்டம். தனியாக உட்கார்ந்து எழுத வேண்டிய புரோகிராமும் டாக்குமெண்டும் வீட்டில். சாட்டில் இரண்டு நாள் இழுத்த ஒரு டேட்டாபேஸ் பிரச்சினை, செவ்வாய்க்கிழமை ஒயிட்போர்டு முன்னால் நான்கு பேர் நின்றதும் டீ ஆறுவதற்குள் முடிந்தது. வந்ததற்கு ஒரு பயன் இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

உங்கள் இடங்களில் எது தடையாக இருக்கிறது? எப்படிச் சமாளித்தீர்கள்?

ஐ.டி. சப்போர்ட், தரமணி

2020 மார்ச்சில ஊரடங்கு வந்தப்ப டெஸ்க்டாப்பையெல்லாம் கேப்ல ஏத்தி வீடு வீடா இறக்கினவங்க நாங்க. அப்ப தலைவலி வி.பி.என்.னும் (வீட்டுல இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குல சேர்ற பாதுகாப்பான இணைப்பு) வீட்டு கரண்டும். இப்ப எங்களுக்கு வர்ற டிக்கெட், அதாவது புகார், பெரும்பாலும் மீட்டிங் ரூம் பத்தித்தான்.

நீள மேஜை, ஒரு கோடியில டி.வி., அதுக்குக் கீழ கேமராவும் மைக்கும். இன்னொரு கோடியில இருக்கிறவர் பேசினா, வீட்டுல இருக்கிறவங்களுக்குக் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்கும். உடனே யாராவது தன் லேப்டாப்புலயும் அதே மீட்டிங்ல சேருவாங்க, மைக்கை அணைக்காம. ரூம் ஸ்பீக்கர் சத்தம் அந்த மைக்ல போய், திரும்ப ஸ்பீக்கர்ல வந்து, 'கீ'ன்னு கத்த ஆரம்பிச்சிடும். மேஜை நடுவுல தனியா மைக் வச்சோம். ரூம்ல உக்காந்து லேப்டாப்புல சேர்றவங்க ஆடியோ இல்லாம மட்டும்தான் சேரணும்னு அச்சடிச்சு மேஜையிலயே ஒட்டினோம். கத்தல் நின்னுபோச்சு.

அதைவிடப் பெரிசா பலன் குடுத்தது மெஷினே இல்ல. ரூம்ல ஒருத்தர், மீட்டிங் முடியற வரைக்கும் சாட்டையும் கை தூக்கறவங்களையும் பார்க்கணும். "லைன்ல ஒரு கேள்வி இருக்கு"ன்னு பேச்சை நிறுத்தற உரிமை அவருக்கு உண்டு. அதுக்கப்புறம்தான் வீட்டுல இருக்கிறவங்க வாயைத் திறந்தாங்க.

ஹாட் டெஸ்க் (ஆளுக்கொரு மேஜைன்னு இல்லாம, வர்ற அன்னிக்கு புக் பண்ணி உக்கார்றது) வைக்கிறவங்களுக்கு ஒண்ணு: புக்கிங் ஆப் வாங்கறதுக்கு முன்னாடி கேபிளைப் பாருங்க. ஒரு மேஜையில யு.எஸ்.பி.-சி, பக்கத்துல பழைய எச்.டி.எம்.ஐ.ன்னா காலையில பாதி நேரம் கேபிள் தேடறதுலயே போயிடும். மாடி முழுக்க ஒரே மாதிரி மாத்துங்க.

எச்.ஆர்., கிண்டி

பாலிசி பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். வீட்டிலிருந்து வேலை என்பது முழுக்க முழுக்க கம்பெனியின் விருப்பமாக இருந்ததில்லை. பி.பி.ஓ.க்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரில் விதிகளைத் தளர்த்தியது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இருக்கும் கம்பெனிகளுக்கு, வீட்டிலிருந்து வேலையை அனுமதிக்கும் 43ஏ விதி 2022 ஜூலையில் வந்தது. முதலில் 50% ஊழியர்களுக்குத்தான் அனுமதி, அந்த ஆண்டு டிசம்பரில் அதை 100% ஆக்கினார்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் நாங்கள் பாலிசியைத் திருத்திக்கொண்டே இருந்தோம்.

ஆனால் என்னை வருத்துவது வேறு. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம், விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்ட முறையில் வீட்டிலிருந்து வேலை செய்ய வழிவிட்டது; அதன் இடத்தில் 2025 நவம்பரில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. நான் பார்த்த பல பாலிசிகளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. விளைவு, கைக்குழந்தை உள்ள ஒரு பெண் வாராவாரம் மேனேஜரிடம் போய் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு மேனேஜர் சரி என்பார், அடுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விதிவிலக்கு யாருக்கு, எத்தனை மாதத்துக்கு, யார் கையெழுத்து என்று எழுதிவிடுங்கள். சலுகை கேட்பது போல யாரும் நிற்க வேண்டியதில்லை.

"கண் முன்னால் இல்லாதவன் வேலை செய்ய மாட்டான்" என்று சொல்லும் தலைமையிடம் நான் எடுத்துக்காட்டுவது சீனாவின் ட்ரிப்.காம் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூமும் மற்றவர்களும் 1,612 ஊழியர்களை வைத்துச் செய்தது, 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்ரைசலிலும் புரமோஷனிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு தொடங்கும்போது எதிராக இருந்த மேனேஜர்களே முடியும்போது மனம் மாறியிருந்தார்கள்.

டெவலப்பர், தென்காசிப் பக்கம்

எங்களை மாதிரி ஆட்களுக்கு வாரம் 3 நாள்னா சென்னையில பி.ஜி. (தங்கும் விடுதி) வாடகை கட்டுன்னு அர்த்தம். நாளு கணக்கு முக்கியம்னா, மாசத்துக்கு உள்ள நாளைச் சேர்த்து ஒரே மூச்சா வந்துட்டுப் போக விடலாம்லா? எங்க பக்கத்து மத்தளம்பாறை கிராமத்துல ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி 2011-லயே ஆபீஸ் போட்டாச்சு. ஊருக்குள்ள ஆபீஸ் நடத்தவே முடியாதுன்னு இனி யாரும் சொல்ல முடியாது.

டீம் லீட், சிறுசேரி

புதிதாக வேலைக்குச் சேரும் ஃபிரெஷர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லையே. கல்லூரி முடித்து நேராக வீட்டிலிருந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் லீடாக இருந்தேன். எரர் வந்தால் மதியம் வரை தானாகவே முட்டி மோதுவார்கள். கால் பண்ணிக் கேட்கக் கூச்சம். பக்கத்து நாற்காலியில் இருந்தால் "அக்கா, இது என்ன?" என்று திரும்பிக் கேட்டுவிடுவார்கள். எனவே முதல் ஆறு மாதம் அவர்களுக்கு ஆபீஸ்தான், கூடவே ஒரு சீனியரும் அதே நாட்களில் கட்டாயம் வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். சீனியர் இல்லாத ஃப்ளோரில் ஃபிரெஷரை மட்டும் உட்கார வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு விதி: டீக்கடையில் பேசி முடிவெடுத்தாலும் சாயங்காலத்துக்குள் அந்த வேலைக்கான டிக்கெட்டில் (ஆன்லைன் பதிவில்) எழுத வேண்டும். எழுதாத முடிவு எங்கள் டீமில் செல்லாது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 அக்டோபர் மழைக்கு அரசே ஐ.டி. கம்பெனிகளை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னபோது எல்லாம் சுலபமாக ஓடியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அப்படி இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணையில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர், கரண்டும் நெட்டும் இல்லை. டீம் முழுக்க ஒரே ஊரில் இருந்தால் வீட்டு லேப்டாப் காப்பாற்றாது. கோவையிலும் மதுரையிலும் இருந்த இரண்டு பேர்தான் அந்த வாரம் சப்போர்ட்டைத் தாங்கினார்கள். தென்காசித் தம்பி சொல்வதை மேலிடம் இந்தக் கோணத்திலும் பார்க்கலாம்.

முதல் பதிவு போட்ட சாருக்கு ஒரு கேள்வி: செவ்வாய், வியாழனில் அமெரிக்க கிளையண்ட் கால் ராத்திரி எட்டரைக்கு வந்தால் என்ன செய்கிறீர்கள்?

டெலிவரி மேனேஜர், சோழிங்கநல்லூர்

நல்ல கேள்வி மேடம். நாலரைக்கே கிளம்பச் சொல்லிவிடுகிறேன், கிளையண்ட் அழைப்பை வீட்டிலிருந்து எடுப்பார்கள். சிக்கல், வாசலில் கார்டு தேய்க்கும் ஸ்வைப்பில்தான். ஆபீஸ் நாள் என்று கணக்கில் ஏற 9 மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும் என்கிறது சிஸ்டம். சீக்கிரம் கிளம்பினால் அரை நாள் என்று காட்டுகிறது. வீட்டிலிருந்து எடுக்கும் அழைப்பையும் அந்த நாளின் கணக்கில் சேர்க்கச் சொல்லி எச்.ஆருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை மாதக் கடைசியில் நானே ஒவ்வொருவருக்கும் கையால் திருத்திக்கொடுக்கிறேன்.