போர்ட்ரெய்ட் மெடல்: 'உருவப் பதக்கம்' வேண்டாம், 'உருவவில்லை' என்போம்

வணக்கம். ஒருவர் முகத்தைப் பொறித்த, நாணயம் போன்ற உலோக வட்டுதான் போர்ட்ரெய்ட் மெடல். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'உருவப் பதக்கம்' எல்லோருக்கும் விளங்கும். அதையே வைத்துக்கொள்ளலாமே.

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். பதக்கம் என்றதும் சங்கிலியில் தொங்குவதும் வென்றவர் மார்பில் குத்துவதுமே நினைவுக்கு வரும். அங்கே பெருமை அணிந்தவருக்கு. பரோக் கால (17ஆம் நூற்றாண்டு) ரோமில் கதை வேறு. ஆண்டுதோறும் ஜூன் 29, புனித பேதுரு பவுல் திருவிழாவையொட்டி, திருத்தந்தையின் உருவம் பொறித்த மெடல் வெளியாகும். அதைப் பெற்றவர் கையில் வைத்துப் புரட்டிப் பார்ப்பார். பெருமை அதிலுள்ள முகத்துக்கே உரியது.

1657ஐப் பாருங்கள். புனித பேதுரு சதுக்கத்தில் சிற்பியும் கட்டடக் கலைஞருமான பெர்னினி வடிவமைத்த தூண்வரிசைக்கு ஆகஸ்ட் 28 அன்று திருத்தந்தை ஏழாம் அலெக்சாந்தர் அடிக்கல் நாட்டினார். அதற்கென்றே செய்த மெடலில் ஒருபக்கம் அவர் முகம். மறுபக்கம் இன்னும் எழும்பாத தூண்வரிசையும், அடித்தளம் புனித மலைகளில் இருப்பதாகச் சொல்லும் திருப்பாடல் வரியும். இத்தகைய மெடல்களை அடித்தளத்திலேயே இட்டு மூடுவது வழக்கம். மண்ணுக்குள் போவதை யார் மார்பில் அணிவது?

> 'உருவ வார்ப்பு'?

பாதிக்குத்தான் பொருந்தும். ஆண்டு மெடல்கள் அச்சில் அடித்தவை. ஹமெரானி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அந்த அச்சுகளைச் செதுக்கினார்கள். செய்முறையைப் பெயராக்கினால் இவையெல்லாம் வெளியே நிற்கும்.

வட்டமும் தட்டையும் 'வில்லை' என்ற சொல்லிலேயே இருக்கின்றன. இயற்பியலில் வில்லை லென்ஸைக் குறிக்கிறதே என்ற தடை நியாயமானது. ஆனால் 'உருவ' என்ற அடை சேர்ந்தபின் யாரும் கண்ணாடியை நினைக்கமாட்டார்கள்.

மெடலின் இரு பக்கங்களுக்கு (obverse, reverse) 'முகப்பு, பின்புறம்' என்ற இணை எனக்கு ஒப்பவில்லை. பின்புறம் என்றால் ஒதுக்கத்தக்கது என்றாகிவிடும். சொல்லவந்த சேதி முழுவதும் அங்கேதான் இருக்கிறது. 1656இல் ரோமைத் தாக்கிய கொள்ளைநோயின்போது அலெக்சாந்தர் ஆற்றிய பணிக்கு நன்றியாக, டொமெனிகோ யாக்கோபாச்சி என்பவர் 1659இல் ஒரு வெண்கல மெடல் அளித்தார். பெர்னினி வரைந்துதர, மெடல் கலைஞர் திராவானி வார்த்தது. அதன் மறுபக்கத்தில், முன்பு தன் காலிலிருந்து முள்ளை எடுத்த, பழங்கதையில் வரும் ஆண்ட்ரோக்ளிஸின் காலடியில் சிங்கம் தாழ்ந்து கிடக்கிறது. விலங்கும் நன்றி மறவாது என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. உயிர் பிழைத்த நகரம் எங்கே கிடக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்தால் அந்த அதிகாரம் கண்ணில் படாது.

பூவா தலையா போட்டுப் பழகிய நமக்குச் சொல் தயாராகவே இருக்கிறது: தலைப்பக்கம், பூப்பக்கம். தடை இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் உருவவில்லையோடு மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.