மைக்ரோமீட்டரில் ஜீரோ சரி, நடுவில் 5 மைக்ரான் பிழை: வைத்துக்கொள்ளலாமா?

பின்_கிரைண்டிங்:
வணக்கம். 0–25 மி.மீ. டிஜிட்டல் மைக்ரோமீட்டர், 0.001 வரை காட்டும். லேப் சர்டிபிகேட்டில் பிழை மைக்ரானில் இப்படி: 2.5-ல் 0, 5.1-ல் −1, 7.7-ல் −2, 10.3-ல் −4, 12.9-ல் −5, 15-ல் −3, 17.6, 20.2 இரண்டிலும் −1, 22.8-லும் 25-லும் 0. மூடினால் ஜீரோ அப்படியே நிற்கிறது. இதில் அளப்பது பெரும்பாலும் 12 எச்7 பின் (12 மி.மீ. விட்டம்; எச்7 என்பது அனுமதிக்கும் விலகலின் குறியீடு). ஜீரோவை 3 மைக்ரான் தள்ளி வைத்துச் சமாளிக்கலாமா?

தர_ஆய்வு:
தள்ளாதீர்கள். நடுவில் பிழை குறையும், இரண்டு ஓரத்திலும் +3 புதிதாக முளைக்கும். ஜீரோ பிழை என்றால் எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு விலகல் இருக்கும். உங்களுடையது 12 பக்கம் இறங்கி மறுபடி ஏறுகிறது. ஒரே அளவையே திரும்பத் திரும்ப அளந்ததில் ஸ்பிண்டில் (நகரும் தண்டு) மரை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது.

12 எச்7-க்கு மேல் எல்லை 12.000, கீழ் எல்லை 11.982. உண்மையில் 12.004 உள்ள பின் உங்கள் கையில் 11.999 காட்டும். பாஸ் செய்து அனுப்புவீர்கள், ஹோலில் போய் இறுகும். டாலரன்ஸ் (இரண்டு எல்லைக்கும் உள்ள இடைவெளி) 18 மைக்ரான்; கருவியின் பிழை அடங்க வேண்டிய நாலில் ஒரு பங்கு 4.5. உங்கள் கருவியின் பிழை மட்டுமே அதைத் தாண்டுகிறது, லேப்பின் அன்சர்டெயின்டி (அவர்கள் அளவிலேயே உள்ள ஐயப்பாடு) இன்னும் சேரவில்லை. மைக்ரோமீட்டருக்கான ஜெர்மன் தரநிலை டிஐஎன் 863-இன் எல்லையும் 4 மைக்ரான்தான். லேப் ஒட்டும் ஸ்டிக்கர் சொல்வது 'அளந்து பார்த்தோம்' என்பதை மட்டும். இந்த வேலைக்கு ஆகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

லேப் 5.1, 7.7 என்று ஒழுங்கில்லாத அளவுகளை எடுப்பதற்கும் காரணம் உண்டு. வழக்கமான மைக்ரோமீட்டரில் ஒரு சுற்று 0.5 மி.மீ. வெறும் 5, 10, 15 என்று பார்த்தால் திம்பிள் (சுற்றும் உருளை) எப்போதும் ஒரே கோணத்தில் நிற்கும். ஒரு சுற்றுக்குள் ஏறி இறங்கும் பிழை தெரியவே தெரியாது.

பின்_கிரைண்டிங்:
அப்படியானால் தூக்கிப் போட வேண்டியதுதானா?

டூல்_ரூம்:
வேண்டாம் சார். 12.000 ஸ்லிப் கேஜை (துல்லிய அளவுள்ள கட்டை) பிடித்து, பிரிசெட்டில் (தொடக்க அளவை நாமே பதியும் வசதி) 12.000 வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அளப்பது 20 மைக்ரானுக்குள்ளான வித்தியாசம்தான், மரையின் தேய்மானம் அங்கே விளையாடாது. 'பிரிசெட் 12.000, 12 மி.மீ. மட்டும்' என்று லேபிள் ஒட்டுங்கள். ஷிஃப்ட் தொடக்கத்தில் ஒரு முறை, இடையில் ஒரு முறை ஸ்லிப்பைப் பிடித்துப் பாருங்கள்.

ஆனால் அதற்கு முன் பொருளைத் தொடும் இரண்டு முகங்களையும் சோதிக்க வேண்டும். 3 மி.மீ. பேரிங் பாலை ஆன்வில் (அசையாத முகம்) நடுவில் வைத்து அளந்து, பிறகு நான்கு ஓரத்திலும் அளங்கள். 2 மைக்ரானுக்கு மேல் மாறினால் முகம் குழிந்திருக்கிறது. ஸ்லிப் கேஜ் தட்டையானது, குழியின் மேல் பாலம் மாதிரி உட்கார்ந்து நல்ல அளவு காட்டி ஏமாற்றும். அப்போது பிரிசெட்டால் பயனில்லை, லேப்பிங்குக்கு (முகத்தைத் தேய்த்துத் தட்டையாக்க) அனுப்புங்கள்.

ஸ்லிப்பையே பத்து முறை பிடித்துப் பார்ப்பதும் நல்லது. ராட்செட்டை (ஒரே அழுத்தம் தரும் முனைத் திருகை) ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, மெதுவாக மூன்று கிளிக். அளவுகள் 2 மைக்ரானுக்கு மேல் சிதறினால் ராட்செட் அல்லது மரைத் தளர்வைப் பார்க்க வேண்டும்.

தர_ஆய்வு:
வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரைண்டரிலிருந்து அப்போதே எடுத்த ஸ்டீல் பின் ஸ்லிப்பைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் 12 மி.மீ.க்கு 1.4 மைக்ரான் பெரிதாகக் காட்டும். பின், ஸ்லிப், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே சர்ஃபேஸ் பிளேட்டில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அளங்கள். ஃபிரேமைப் பிளாஸ்டிக் பட்டை இருக்கும் இடத்தில் மட்டும் பிடியுங்கள்.