டிராக்டர்லயே இன்டர்நெட் வந்தாச்சு, இன்னும் ஏஎம் ரேடியோவுல கன்ட்ரி ஸ்டேஷன் எதுக்கு?

சிக்னல்_சேகர்:
அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல ஐ-80 ஹைவே ஓரம் லெக்ஸிங்டன்னு ஒரு சின்ன ஊரு. அங்கேர்ந்து கேஆர்விஎன்னு ஒரு ரேடியோ ஸ்டேஷன், 880 ஏஎம், 50,000 வாட்ஸ், 1951லேர்ந்து ஓடுது. அமெரிக்க கிராமத்துப் பாணியில வர்ற கன்ட்ரி பாட்டு, நடுநடுவுல சிகாகோ மார்க்கெட்ல மக்காச்சோளம், சோயா, மாடு என்ன விலைக்குப் போகுதுன்னு சொல்லுவாங்க, அப்புறம் பனி மழை நிலவரம். நல்ல ஸ்டேஷன்தான். ஆனா அதே விலை மொபைல்ல நொடிக்கு நொடி வருது, பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை இருக்கு, டிராக்டர் கேபின்ல ப்ளூடூத் இருக்கு, இவ்ளோ கரண்ட்டை ஒரு டவருக்கு ஏன் கொட்டணும்? பழக்கத்தைத் தவிர வேற காரணம் எனக்குத் தெரியல.

பிளாட்_ஆத்தங்கரை:
நான் அதே நெப்ராஸ்காவுல லிங்கன் ஊர்ல இருக்கேன் சேகர். இங்க சேண்ட்ஹில்ஸ்ங்கிற மணல்மேட்டுப் பக்கம் மாட்டுப் பண்ணைக்கு நடுவுல வண்டி ஓட்டிப் பாருங்க, மொபைல்ல சிக்னல் எங்க போச்சுன்னே தெரியாது. ஏஎம் அலை தரையை ஒட்டியே போறது, இங்க இருக்கிற மண்ணும் கரண்ட்டை நல்லா கடத்துற மண்ணு, அதனால ஒரே டவர்ல நூத்துக்கணக்கான கிலோமீட்டர் கேட்குது, எஃப்எம்ல அது நடக்காது.
இதைவிட முக்கியம் முதலாளி யாருங்கிறது. கேஆர்விஎன் எந்த கார்ப்பரேட்டுதும் இல்ல, விவசாயிகளும் மாடு வளர்க்கிறவங்களும் சேர்ந்து வச்ச சங்கத்தோடது. சிகாகோ டபிள்யூஎல்எஸ் ஸ்டேஷன் கதை தெரியும்ல? 1924ல சியர்ஸ் கம்பெனி ஆரம்பிச்சது, 1928ல ப்ரெய்ரி ஃபார்மர்ங்கிற விவசாயப் பத்திரிகை வாங்குச்சு, பார்ன் டான்ஸ்ங்கிற கன்ட்ரி பாட்டு நிகழ்ச்சியைக் கேட்க சனிக்கிழமை ராத்திரி கிராமமே ரேடியோ முன்னாடி உட்காரும். ஏபிசிங்கிற பெரிய ஒலிபரப்புக் கம்பெனி கைக்குப் போனதும் 1960ல ராக் அண்ட் ரோலுக்கு மாத்திட்டாங்க, விவசாயி கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. இங்க அப்படி விக்க முடியாது.

பான்ஜோ_பாலா:
ரெண்டு பேரும் பாட்டை விட்டுட்டீங்களே. கன்ட்ரி மியூசிக் வளர்ந்ததே இந்த மாதிரி ஸ்டேஷன்லதான், நாஷ்வில் ஊரோட டபிள்யூஎஸ்எம் ஸ்டேஷன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி 1925ல ஆரம்பிச்சது, அதுல வந்ததுதான் கிராண்ட் ஓல் ஆப்ரிங்கிற கன்ட்ரி பாட்டு நிகழ்ச்சி, இன்னைக்கும் நடக்குது. அப்போ பக்கத்து ஊர்க்காரன் ஃபிடில் எடுத்துட்டு வந்து வாசிப்பான். இப்போ நிறைய கன்ட்ரி ஸ்டேஷன்ல நாஷ்வில்லேர்ந்து வர்ற அதே ஹிட்ஸ்தான் திரும்பத் திரும்ப. விவசாயி ஸ்டேஷன்னு சொல்லிட்டு உள்ளூர்ப் பாட்டுக்காரனுக்கு ஒரு மணி நேரம்கூட தரலன்னா எனக்கு மனசு ஒப்பல.

பிளாட்_ஆத்தங்கரை:
பாலா சொல்றது நியாயம், அது தனியா பேசணும். சேகர், மைனாட் ஊர்ல நடந்த விபத்து ஞாபகம் இருக்கா? வடக்கு டகோட்டா, 2002 ஜனவரி, நடுராத்திரி ரயில் தடம் புரண்டு வயலுக்குப் போடுற அம்மோனியா ஊர் மேல பரவுச்சு. ஒருத்தர் செத்தாரு, நூத்துக்கணக்கானவங்க மூச்சுத் திணறிப் போனாங்க. ஊர்ல இருந்த ஆறு கமர்ஷியல் ரேடியோ ஸ்டேஷனும் கிளியர் சேனல்ங்கிற ஒரே பெரிய கம்பெனி கையில, கன்ட்ரி ஸ்டேஷனும் சேர்த்து. ஊருக்கு எச்சரிக்கை சொல்ல போலீஸ் ஃபோன் பண்ணா ஸ்டேஷன்ல யாரையும் பிடிக்க முடியல.

சிக்னல்_சேகர்:
பாதி கதை சொல்றீங்க. ஸ்டேஷன்ல ஆள் இருந்தாங்க, போலீஸ்தான் அவசர அலர்ட் கருவியை சரியா செட் பண்ணி வைக்கலன்னு கம்பெனி சொல்லுச்சு. தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்ல. அதோட எலக்ட்ரிக் கார் மோட்டார் இரைச்சல்ல ஏஎம் சரியா வராதுன்னு கார் கம்பெனிங்க அதை எடுக்க ஆரம்பிச்சாச்சு. 2023ல ஃபோர்டு எடுக்கறேன்னு சொல்லிட்டு அப்புறம் பின்வாங்குனாங்க, எல்லா வண்டியிலயும் ஏஎம் கட்டாயம்னு அமெரிக்க காங்கிரஸ்ல மசோதா கொண்டு வந்தாங்க. ஒரு டெக்னாலஜியை சட்டம் போட்டு எத்தனை நாள் பிடிச்சு வைப்பீங்க?

பிளாட்_ஆத்தங்கரை:
அந்த மசோதாவை ஆதரிச்சவங்கள்ல ஃபார்ம் பீரோவும் இருக்காங்க, விவசாயிகளோட பெரிய அமைப்பு அது. கேட்கிறவனே வேணும்ங்கிறான், வெளியில இருக்கிற நாம வேணாம்னு எப்படி சொல்றது? மைனாட்ல கருவி சரியில்லன்னே வச்சுக்கலாம், ஆறு ஸ்டேஷனும் ஒரே ஆள் கையில இல்லாம ஆறு பேர் கிட்ட இருந்திருந்தா போலீஸ் போய்க் கதவைத் தட்ட ஆறு இடம் இருந்திருக்கும்ல.

சிக்னல்_சேகர்:
சங்கம் நடத்துறது நல்லதுன்னு ஒத்துக்கறேன், அதுல சண்டை இல்ல. ஆனா சங்கம் வேற டவர் வேற. அதே ஆளுங்க, அதே மார்க்கெட் நிலவரம், அதே பாட்டை ஆன்லைன்ல குடுத்துட்டு டவருக்குப் போற காசை பாலா கேட்ட உள்ளூர்ப் பாட்டுக்காரனுக்குக் குடுக்கட்டுமே. சேண்ட்ஹில்ஸ்ல சிக்னல் இல்லன்னா அங்க மொபைல் டவர் போடச் சொல்லி சண்டை போடுவோம், நானும் வர்றேன்.