இன்ஜினியரிங் சேரப் போகும் பையனுக்கு இப்போதே 45,000 ரூபாய் கோடிங் கோர்ஸ் தேவையா?

தென்காசி மாமா:
அக்கா மகன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். டிஎன்இஏ (தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கை) கலந்தாய்வில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) கிடைத்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி. விடுதியில் தங்கப் போகிறான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவன்தான்.

ஒரு பயிற்சி மையத்திலிருந்து அக்காவுக்கு போன் வந்திருக்கிறது. முதல் ஆண்டிலேயே ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டை முழுதாகக் கட்டும் கோடிங்) கோர்ஸ், ஆன்லைனில் தினமும் மாலை இரண்டு மணி நேரம், 45,000 ரூபாய். "இப்போ ஆரம்பிக்கலைன்னா நாலாவது வருஷம் வேலை கிடைக்காதும்மா" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். அக்கா கம்மலை அடகு வைக்கிறேன் என்கிறாள். நான் பத்தாவதோடு நின்றவன், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்:
கம்மலை அடகு வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இன்ஜினியரிங் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுப்பவள் நான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையை வைத்துச் சொல்கிறேன். பாடத்திட்டம் அவ்வப்போது மாறும், பையன் எதில் வருகிறான் என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் கணிதம் 4 கிரெடிட் (பாடத்துக்குத் தரும் எடை). இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான் என்ற கோடிங் மொழி தலா 3. தமிழர் மரபு 1. இதுபோக ஆய்வகங்கள். பைத்தான் அதிலேயே இருக்கிறது பாருங்கள், எல்லாத் துறைக்கும் பொது. அரசு ஃபீஸ் கட்டிச் சொல்லித்தரும் பாடத்துக்கு வெளியே எதற்குப் பணம்?

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் வேறு. அந்த ஒழுங்குமுறைப்படி தியரி பாடத்தில் 40 மதிப்பெண் இன்டர்னல் (கல்லூரிக்குள் போடுவது), 60 செமஸ்டர் தேர்வு. இரண்டும் சேர்ந்து 50 வந்தால் பாஸ் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இன்டர்னலில் 40க்கு 36 வாங்கிவிட்டு, தேர்வில் நூற்றுக்கு 41 (60க்கு மாற்றினால் 24.6) எடுத்தால் அரியர்தான், அதாவது ஃபெயில், மறுபடி எழுத வேண்டும். கூட்டிப் பார்த்தால் 60.6 வரும், ஆனாலும் அரியர். இதை ஒவ்வொரு ஆண்டும் ஸ்டாஃப் ரூம் வாசலில் யாராவது ஒரு பெற்றோருக்கு விளக்கிக்கொண்டிருப்பேன்.

கணிதத்தில் முதல் அலகே அணிகள். ஒரு 3×3 அணியைக் கொடுத்து ஐகன் மதிப்பு (அந்த அணிக்கே உரிய சிறப்பு எண்கள்) கேட்பார்கள், 16 மதிப்பெண். பன்னிரண்டாம் வகுப்பில் அணிக்கோவை போட்டவனுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு கழித்தல் குறி தவறினால், அந்த மதிப்புகளைத் தரும் முப்படிச் சமன்பாட்டுக்கு முழு எண்ணாக மூலம் வராது. அங்கேயே பேனாவை வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். மூலைவிட்டத்தில் இருக்கும் மூன்று எண்களைக் கூட்டினால் ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. அரை நிமிடச் சோதனை. தினம் ஒரு கணக்கு போடுகிறவனுக்குத்தான் அது கைக்கு வரும். மாலை இரண்டு மணி நேரத்தைக் கோர்ஸுக்குக் கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கை எப்போது போடுவான்?

முதல் செமஸ்டரை அரியர் இல்லாமல் தாண்டட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஓஎம்ஆர் குமரன்:
கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள் என்பதில் மேடத்தோடு முழு உடன்பாடு. "மற்றதெல்லாம் அப்புறம்" என்பதில் துளியும் இல்லை.

நான் ஃப்ரெஷர் நேர்காணல் எடுக்கிறவன். பத்துக்கு 8.5க்கு மேல் சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்குமான சராசரி) வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதில் உள்ள சொற்களைத் தலைகீழ் வரிசையில் அச்சிடும்படி புரோகிராம் எழுதச் சொல்வேன். பாதிப் பேர் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் மேடம் சொன்ன அந்தப் பைத்தான் பாடத்தை பாஸ் செய்தவர்கள்தான்! எப்படி பாஸ் செய்தீர்கள் என்று கேட்டால், சீனியரின் ஆய்வக ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினோம் என்கிறார்கள். ஆய்வகத் தேர்வில் வரும் புரோகிராம்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்களாம்.

"முதல் செமஸ்டர் போகட்டும்" என்று ஆரம்பித்தால் "முதல் வருஷம் போகட்டும்" என்று ஆகும். ஐந்தாவது செமஸ்டரில் பிளேஸ்மென்ட் பயிற்சி என்று யாராவது சொல்லும்போதுதான் விழிப்பு வரும். நான் கேட்பது தினம் ஒரு மணி நேரம்தான். என்பிடெல் என்ற ஆன்லைன் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் எடுத்த வகுப்புகள் இலவசமாகக் கிடக்கின்றன. சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால்தான் கட்டணம். சி மொழியோ பைத்தானோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு தினம் ஒரு புரோகிராமைச் சொந்தமாக எழுத வேண்டும். காப்பி பேஸ்ட் கூடாது, செயற்கை நுண்ணறிவிடம் கேட்கவும் கூடாது.

கணக்கு டீச்சர்:
நேர்காணல் அறைக்குள் வந்தவர்களைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள் குமரன். வாசலிலேயே நின்றுபோனவர்களை நாங்கள் பார்க்கிறோம். பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் 60 சதவீதம் அல்லது 6 சிஜிபிஏ கேட்கின்றன. அரியர் இருந்தால் பல இடங்களில் விண்ணப்பிக்கவே முடியாது, சில நிறுவனங்கள் ஒன்று வரை விடும். உங்கள் தலைகீழ் வாக்கியத்தை எழுதத் தெரிந்த பையனும் ஒரு கணித அரியரால் அந்தப் பட்டியலில் வராமல் போயிருக்கலாம். உங்களுக்கு அவனைத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

சைதை சிவா:
நான் பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறவன், மறைக்க விரும்பவில்லை. எங்களைத் திட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள். அந்த இலவச வீடியோக்களை எத்தனை பேர் முடிக்கிறார்கள்? பையன்கள் முதல் வாரத்தில் மூன்று வீடியோ பார்ப்பார்கள், அடுத்த வாரம் கிரிக்கெட். எங்களிடம் வருகிறவன் பணம் கட்டியிருக்கிறான், அதனால் வருகிறான். வராவிட்டால் வீட்டுக்கு போன் போடுகிறோம். குமரன் சாருக்குச் சொந்தமாக உட்கார்ந்து படிக்க வந்தது, எல்லோருக்கும் வராது. முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து "ஏன்டா வரலை" என்று கேட்க வேண்டியிருக்கிறது. 45,000 அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். பேசினால் குறைப்பார்கள், தவணையும் உண்டு.

பரமக்குடிப் பொண்ணு:
பேசினால் குறையும் விலை என்றால் அது முதலிலேயே ஏமாற்று விலைதானே சிவா அண்ணா?

நானும் தமிழ் மீடியம், நானும் இசிஇ, போன வருடம்தான் முடித்தேன். இங்கே எல்லோரும் அவனுடைய மாலை நேரத்தைப் பங்கு போடுகிறீர்கள், அந்த மாலை எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். வகுப்பு நாலரை வரை. விடுதிக்கு வந்து துணி துவைத்து, மெஸ்ஸுக்கு வரிசையில் நின்று வந்தால் ஏழரை. எட்டிலிருந்து பத்து வரை எங்கள் விடுதியில் ஸ்டடி ஹவர், போனை வார்டன் வாங்கி வைத்துக்கொள்வார். அந்த இரண்டு மணி நேரத்தில் மறுநாள் ஆய்வகத்துக்கு அப்சர்வேஷன் நோட்டு எழுத வேண்டும், போன வாரத்து ரெக்கார்டை முடிக்க வேண்டும். ஆன்லைன் வகுப்புக்கு எங்கே போவது? மாமா, கோர்ஸைப் பற்றி யோசிக்கும் முன்னால் அந்த விடுதியில் போனும் லேப்டாப்பும் எத்தனை மணி வரை அனுமதி, வைஃபை உண்டா என்று விசாரியுங்கள்.

டீச்சர் மேடம், கணிதம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய பயம் இல்லை. எண்ணுக்கு மொழி கிடையாது. எங்களுக்கு அடி விழுந்தது இயற்பியலிலும் வேதியியலிலும். 13 மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். விஷயம் தெரியும், வாக்கியம் வராது. அதனால் நோட்ஸை வரி பிசகாமல் மனப்பாடம் செய்தோம். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் மொத்தமும் காலி. என் ரூம்மேட் வேறு மாதிரி செய்தாள். பழைய வினாத்தாள்களை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் படம், பாகங்களின் பெயர், சூத்திரம் என்று எழுதுவாள். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் பாயின்ட் போடுவாள். இலக்கணப் பிழை இருக்கும். ஆனால் திருத்துகிறவர் தேடும் விஷயம் தாளில் இருக்கும். எங்களில் பலரைவிட அவள்தான் நல்ல மதிப்பெண் எடுத்தாள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இசிஇ எடுத்தவனுக்கு ஏன் எல்லோரும் ஃபுல் ஸ்டாக் விற்கிறீர்கள்? அவனுக்கு எம்பெடட் (கருவிகளுக்குள் இருக்கும் சின்ன கணினிக்கு புரோகிராம் எழுதுவது) இருக்கிறது, விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) இருக்கிறது. மூன்றாம் ஆண்டிலேயே மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதலாம். பிரெட்போர்டில் (சர்க்யூட் செருகிப் பார்க்கும் பலகை) ஒரு எல்இடியை எரிய வைத்துப் பார்க்கும் முன்பே வெப்சைட் கட்டச் சொன்னால் எப்படி?

ஓஎம்ஆர் குமரன்:
தங்கச்சி சொன்ன கடைசி விஷயம் சரி. எம்பெடட் பக்கம் போனாலும் சி மொழி வேண்டும், ஆகவே என் ஒரு மணி நேரத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்டடி ஹவரில் முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை உட்காரட்டும். சினிமாவுக்கு நேரம் கிடைக்கிறது அல்லவா?

கணக்கு டீச்சர்:
மாமாவுக்கு இரண்டு தகவல். 7.5 சதவீதத்தில் வந்தவன் என்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. 2021இல் சட்டம் வந்தபோதே அறிவித்தது அது. கல்லூரியில் "அந்த ஃபீஸ், இந்த ஃபீஸ்" என்று தனியாகக் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அடுத்தது, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், 2024இலிருந்து நடக்கிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். வங்கிக் கணக்கு அவன் பெயரில், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். கணக்கு சரியில்லாமல் மாதக்கணக்கில் பணம் வராத பிள்ளைகள் உண்டு. கோர்ஸைவிட முதலில் இதைப் பாருங்கள்.

வெளிப் பயிற்சிதான் வேண்டும் என்றால் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் கல்லூரிக்குள்ளேயே வரும், காசு கிடையாது.

பரமக்குடிப் பொண்ணு:
நான் முதல்வன் நல்ல திட்டம்தான் மேடம். ஆனால் எங்கள் கல்லூரியில் எண்பது பேரை ஒரு ஹாலில் உட்கார வைத்து, வருகைப் பதிவு எடுத்து, ஒரு பிபிடி ஓட்டினார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர்களுக்கு ஏதோ கிடைத்தது.

சைதை சிவா:
இதைத்தானே நானும் சொன்னேன்! எண்பது பேருக்கு ஒருவர் எடுத்தால் அப்படித்தான் ஆகும். எங்கள் பேட்சில் இருபது பேர்.

பரமக்குடிப் பொண்ணு:
சரி அண்ணா, உங்களுக்கு நான் பதில் சொல்லி முடியாது. மாமா, ஒரு கேள்வி. இவ்வளவு பேசுகிறோமே, பையன் என்ன சொல்கிறான்? அவனிடம் யாராவது கேட்டீர்களா?

தென்காசி மாமா:
நீ சொன்ன பிறகுதான்ம்மா கூப்பிட்டுக் கேட்டேன். கோர்ஸ் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் பயம் வேறாக இருக்கிறது. "மாமா, எனக்கு டைப் அடிக்கவே தெரியாது. லேபில் எல்லாரும் டகடகன்னு அடிப்பாங்க, நான் ஒவ்வொரு எழுத்தா தேடிட்டு இருப்பேன்" என்கிறான். பள்ளியில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்து பேராம், இவன் கை கீபோர்டுக்குப் போனதே இல்லையாம். போனில் மட்டும் அடிக்கத் தெரியும். வகுப்பு ஆரம்பிக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

கட்டணம் பற்றி டீச்சரம்மா சொன்னதை அக்காவிடம் சொன்னேன். கல்லூரியில் 'டெவலப்மென்ட் ஃபீஸ்' என்று ஏதோ ஒரு தொகை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.

கணக்கு டீச்சர்:
போகும்போது கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையின் நகலைக் கையில் வைத்திருங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுக்கச் சொன்னால், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே சொல்லிவிட்டது. எப்படியும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஓஎம்ஆர் குமரன்:
பையன் கெட்டிக்காரன், நம் எல்லோரையும்விடத் தெளிவாக இருக்கிறான். உங்கள் ஊரில் தட்டச்சுப் பயிலகம் இருக்கும், நாளைக்கே சேர்த்துவிடுங்கள். பழைய டைப்ரைட்டர் மெஷினாக இருந்தாலும் பரவாயில்லை, கீபோர்டில் எழுத்து வரிசை அதேதான். பத்து விரலும் பழகினால் போதும், வேகம் தானாக வரும். ஒரு மாதத்துக்கு ஆகும் செலவு அந்த 45,000க்குப் பக்கத்தில்கூட வராது. வீட்டுக்கு வந்ததும் போனிலேயே பைத்தான் எழுதிப் பார்க்க ஆப் இருக்கிறது...

கணக்கு டீச்சர்:
ஆரம்பித்துவிட்டீர்களா! இந்த ஒரு மாதம் டைப்பிங் மட்டும் போகட்டும் குமரன். மீதி நேரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அணிகளும் தொகையிடலும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கட்டும்.

பரமக்குடிப் பொண்ணு:
கொஞ்சம் தூங்கவும் விடுங்கள் மேடம். மாமா, எந்தக் கல்லூரி என்று இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த சீனியர் யாராவது அங்கே இருந்தால் பழைய வினாத்தாள்களையும் டிராஃப்டரையும் வாங்கித் தருகிறேன். எங்களுக்கு இரண்டாம் செமஸ்டரில் வரைபடப் பாடத்துக்கு டிராஃப்டர் (கோடு வரையும் கருவி) வேண்டியிருந்தது, புதிதாக வாங்காதீர்கள்.