புதுப்பிப்பு: ஒரே சர்வரில் பல தளங்கள், பிரித்தாயிற்று

உபுண்டு சர்வர் ஒன்றில் நான்கு வேர்ட்பிரஸ் தளங்கள். எல்லாம் ஒரே பயனரில் ஓடுவதால், ஒன்றில் ஓட்டை விழுந்தால் மற்றதன் டேட்டாபேஸ் கடவுச்சொல் வரை படித்துவிடலாம். எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தேன். டாக்கர் (ஒவ்வொரு தளத்தையும் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் மென்பொருள்) சொன்னவர்களுக்கு நன்றி, இந்தச் சின்ன சர்வருக்கு அது அதிகம்.

ஒவ்வொரு தளத்துக்கும் தனி லினக்ஸ் பயனர், தனி பிஎச்பி-எஃப்பிஎம் பூல் (தளத்தின் பிஎச்பி நிரலை ஓட்டும் ப்ராசஸ்களின் தொகுப்பு), டேட்டாபேஸிலும் தனிப் பயனர். தள ஃபோல்டருக்கு அனுமதி 750 (உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்கு எழுதுவது தவிர, மற்றவர்களுக்கு எதுவுமில்லை), குழு மட்டும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸுடையது. கடவுச்சொல் இருக்கும் கோப்புக்கு 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்). ஒரு தளத்தின் பயனராகப் புகுந்து பக்கத்துத் தளத்தைத் திறந்து பார்த்தேன்: 'பெர்மிஷன் டினைட்'. சரி, நிம்மதி என்று பார்த்தால் ஓப்கேஷ் (பிஎச்பி கோப்புகளைத் தொகுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் வசதி) இருக்கிறது.

பூல்கள் தனியானாலும் அவற்றை நடத்தும் மாஸ்டர் ப்ராசஸ் ஒன்றுதான் என்றால் ஓப்கேஷ் நினைவகம் எல்லாருக்கும் பொது. ஒரு தளத்துக்காக அதில் ஏறிய கோப்பை அடுத்த தளம் இன்க்ளூட் செய்தால் (தன் நிரலுக்குள் இழுத்தால்), அனுமதியைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்துவிடும். இதைத் தடுக்கும் 'ஓப்கேஷ்.வேலிடேட்_பெர்மிஷன்' இயல்பாக 0, அதாவது அணைந்தே இருக்கிறது. ஏன் அப்படி வைத்தார்களோ! அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் 1 ஆக்கி, எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்தேன்.

அப்புறம் செஷன் (வருகையாளரின் தற்காலிகத் தகவல்) ஃபோல்டர்களையும் பிரித்தாயிற்று. தளங்களின் க்ரான் வேலைகளை (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) அந்தந்தப் பயனருக்கு மாற்றுவது மட்டும் பாக்கி.