'இயோசினோஃபில் அளவு': குழந்தைகளின் உணவுப்பாதைக்கு எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

குழந்தைகளின் உணவுப்பாதைத் திசு அறிக்கையைப் பெற்றோருக்கு விளக்கும் கையேட்டின் வரைவில் 'இயோசின் நாடிகளின் இயல்பு அளவு' என்று வருகிறது. இயோசினோஃபில் என்ற அணுவைத்தான் 'இயோசின் நாடி' என்று பெயர்த்திருக்கிறார்கள். மருத்துவ நூலில் 'நாடி' என்றதும் கைபிடித்துப் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும். இயோசின் சாயம் ஏற்றியதும் இந்த அணுவுக்குள் இருக்கும் துகள்கள் செக்கச்செவேலென்று தெரிவதால் 'செவ்வணு' என்று மாற்றலாமா?

---

> 'செவ்வணு' என்று மாற்றலாமா?

வேண்டாம் ஐயா. சிவப்பணுவோடு குழம்பும், இதுவோ வெள்ளையணுவில் ஒரு வகை. சாயத்தை ஏற்பது என்ற பொருளில் 'ஏற்பி' என்றாலும் ஆகாது, அது ரிசெப்டருக்கு நிலைத்துவிட்டது. 1879-இல் பால் எர்லிக் இந்தப் பெயரை வைத்தபோது இயோசின் சாயத்தின்மேல் இவற்றுக்குள்ள நாட்டத்தைத்தான் குறித்தார். ஆகவே 'இயோசின் விழையணு' என்கிறேன். பேசோஃபில் என்ற இன்னொரு வெள்ளையணுவுக்குக் 'கார விழையணு' என்று வரிசையும் அமையும்.

'நாடி'யைவிட 'அளவு'தான் ஆபத்தான சொல். இரத்த அறிக்கையில் விழுக்காடாகவோ மைக்ரோலிட்டருக்கு இத்தனை என்றோ வரும். திசு அறிக்கையில் நுண்ணோக்கிப் புலத்துக்கு, அதாவது ஒரே பார்வையில் தெரியும் வட்டத்துக்கு, இத்தனை. இரண்டையும் 'அளவு' என்றால், இரத்தத்தில் 4, குடலில் 20 என்று படிக்கும் தாய் ஐந்து மடங்கு கூடிவிட்டதாகப் பதறுவார்.

அந்த 20 எந்த இடத்தில் என்பதே கேள்வி. உணவுக்குழலில் இவை இயல்பாக இருப்பதே இல்லை எனலாம். புலத்துக்கு 15-ஐ எட்டினால் இயோசின் விழையணு உணவுக்குழல் அழற்சியா என்று பார்க்க வேண்டும் (அமில எதுக்களிப்பு போன்ற காரணங்களை விலக்கிய பிறகே அந்தப் பெயர்). இரைப்பையில் சராசரியாக ஓரிரண்டு, முன்சிறுகுடலில் 10-ஐ ஒட்டி, ஏறு பெருங்குடலில் 20-ஐ ஒட்டி, மலக்குடலில் மறுபடி 10-க்குள். குடலில் இவை குடியிருப்பவை, வந்தேறிகள் அல்ல. எனவே 'இயல்பு' என்ற சொல் உறுப்பின் பெயரில்லாமல் தனியே வரக்கூடாது. 'அளவு' இருந்த இடத்தில் 'அடர்வு' வைக்கலாம்.

---

விழையணுவுக்கு என் ஒப்புதல். ஆனால் 'அடர்வு' எதற்கு அம்மா? 'மக்கள் அடர்த்தி' என்று எல்லோரும் சொல்கிறோம். பரப்புக்கு இத்தனை பேர் என்று புரிகிறது. இங்கும் அதே கணக்குதான். 'திசு அடர்த்தி' என்றால் திசுவின் கனத்தைக் குறிப்பதாகிவிடும். 'விழையணு அடர்த்தி' என்போம்.

வரைவில் இன்னொரு பிழை: ஹை பவர் ஃபீல்டை 'உயர்திறன் புலம்' என்று பெயர்த்திருக்கிறார்கள். இங்கே பவர் என்பது உருப்பெருக்கம், திறன் அன்று. 'பெருக்கப்புலம்' போதும். ஆனால் அதன் பரப்பையும் உடன் எழுதாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை. கண்ணருகு வில்லையில் பொறித்த புல எண்ணைப் பொருள் வில்லையின் பெருக்கத்தால் வகுத்தால் புலத்தின் விட்டம் கிடைக்கும். புல எண் 22, வில்லை 40 எனில் விட்டம் 0.55 மி.மீ., பரப்பு ஏறத்தாழ 0.24 சதுர மி.மீ. புல எண் 18 எனில் பரப்பு 0.16 மட்டுமே. சதுர மி.மீட்டருக்கு 60 என்ற ஒரே அடர்த்தி, முதல் கருவியில் 14 என்றும் இரண்டாவதில் 9 அல்லது 10 என்றும் தெரியும்! 15 என்ற எல்லையை வைத்து நோயை முடிவுசெய்யும் இடத்தில் இது சின்ன வேறுபாடா?

பீக் கவுண்டுக்கு 'உச்ச எண்ணிக்கை' சரி. குறைந்த பெருக்கத்தில் துழாவி, அடர்ந்த இடத்தைப் பிடித்து, அங்கே எண்ணுவது அது, சராசரி வேறு. உணவுக்குழலில் இவை திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், அதனால்தான் வெவ்வேறு உயரங்களில் குறைந்தது 6 துணுக்குகள் எடுக்கிறார்கள். இரண்டையும் 'எண்ணிக்கை' என்று பொதுவாக விட்டால் சராசரியை உச்சத்தோடு ஒப்பிடுவார்கள்.

கையேட்டின் மாதிரி வரியை இப்படி மாற்றலாம்: 'ஏறு பெருங்குடல்: உச்ச எண்ணிக்கை, பெருக்கப்புலத்துக்கு 18 இயோசின் விழையணுக்கள், புலப்பரப்பு 0.24 ச.மி.மீ.; இவ்விடத்துக்கு மிகையில்லை.'