அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் பேஸ்மென்ட்டைத் தனி வீடாக்க அனுமதி: எந்த ரூல் இப்ப நடப்புல இருக்கு?

ஹெர்ண்டன்வாசி:
அப்பா, அம்மா கிரீன் கார்டுல நிரந்தரமா வந்துட்டாங்க. அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியல. எங்களுது தனி வீடு, வாக்-அவுட் பேஸ்மென்ட் (நேரா வெளியே போகக் கதவு உள்ள அடித்தளம்). அங்கேயே அடுப்பு, சிங்க் வச்சுக் கொடுத்துடலாம்னு நினைக்கிறேன். (அம்மா விடியறதுக்கு முன்னாடியே மிக்ஸி போடறாங்க, பசங்க முழிச்சுக்கறாங்க. அதுவும் ஒரு காரணம்!) 55 வயசு தாண்டினவங்களுக்குத்தான் அனுமதி, ஹியரிங் (பொது விசாரணை) போகணும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். அதெல்லாம் மாறிடுச்சுன்னு இன்னொருத்தர். பின்னாடி வாடகைக்கு விடலாமா?

ரெஸ்டன் தாத்தா:
ரெண்டு பேரும் பொய் சொல்லல தம்பி. 2021 ஜூலைக்கு முன்னாடி வரைக்கும் 55 வயசு அல்லது மாற்றுத்திறனாளி, அதோட ஹியரிங். அப்புறம் வயசுக் கணக்கை எடுத்துட்டாங்க. வீட்டுக்குள்ளேயே அமையற யூனிட்டுக்கு கவுன்டி அலுவலர் தர்ற பெர்மிட் போதும்.

நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு. கோவிட் சமயத்துல கவுன்டி போர்டு ஆன்லைன் கூட்டத்துல நிறைவேத்தினது செல்லாதுன்னு 2023 மார்ச்ல வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் மொத்த ஜோனிங் (நிலப் பயன்பாட்டு) விதித் தொகுப்பையும் தள்ளிடுச்சு. விதி நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு பேசவே இல்ல, கூட்டம் கூடின முறைதான் சிக்கல். அந்த மே மாசமே நேர்ல கூடி மறுபடி நிறைவேத்திட்டாங்க. உங்க ஆபீஸ் நண்பர் அந்தக் குழப்பத்துல நின்னுட்டார் போல.

அளவு 800 சதுர அடி, இல்லன்னா வீட்டுல 40 சதவீதம், எது குறைவோ அது. முழுக்க பேஸ்மென்ட்டுக்குள்ளயே இருந்தா அதுக்கு மேலயும் விடுவாங்க. ரெண்டு பெட்ரூம், ரெண்டு பேர்தான். கூடுதலா ஒரு கார் நிறுத்த இடம் காட்டணும். வாடகைக்கு விடலாம், ஆனா மேலயோ கீழயோ நீங்க குடியிருந்தே ஆகணும். டவுன்ஹவுஸுக்கு (சுவர் ஒட்டின வரிசை வீடு) இது கிடையாது.

வியன்னா அக்கா:
முகவரியில ஹெர்ண்டன்னு இருந்தா மட்டும் போதாதுங்க. ஹெர்ண்டன், வியன்னா, கிளிஃப்டன் மூணும் தனி டவுன், ஜோனிங் அவங்களோடது. ஆனா ஹெர்ண்டன்னு தபால் வர்ற நிறைய வீடு டவுன் எல்லைக்கு வெளியே இருக்கு. முதல்ல மேப்புல பாருங்க. தாத்தா சொன்ன எதுவும் டவுனுக்குள்ள செல்லாது.

பேஸ்மென்ட் பாண்டி:
எச்.ஓ.ஏ.வை (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) மறந்துட்டீங்களே! கவுன்டி சரின்னாலும் உங்க எச்.ஓ.ஏ. பத்திரத்துல தடை இருந்தா தடைதான். அடுத்தது ஜன்னல். படுக்கையறையில தப்பிக்கிற ஜன்னல் வேணும். திறந்தா 5.7 சதுர அடி வழி கிடைக்கணும், அடி விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. உயரத்துல ஒட்டின சின்ன ஜன்னலை வச்சுக்கிட்டு பெட்ரூம்னு வரைபடத்துல போட்டா அங்கேயே திருப்பி அனுப்பிடுவாங்க. கான்கிரீட் வெட்டற செலவை முதல்லயே கணக்குல வைங்க.

ஹெர்ண்டன்வாசி:
மேப் பார்த்தேன், எங்க தெரு டவுனுக்கு வெளியதான். கவுன்டி ரூல்தான் எங்களுக்கு. எச்.ஓ.ஏ.வுக்கு மெயில் போட்டிருக்கேன். ஜன்னல் விளிம்பு என் நெஞ்சு உயரத்துல இருக்கு பாண்டி, வெட்டத்தான் வேணும். அந்த வேலைக்கு நல்ல ஆள் தெரிஞ்சா தனிச்செய்தியில சொல்லுங்க.